நாற்பத்தாறாவது தலை

நாற்காலியில் வந்து உட்காருகிற யாரையும் அவர் எடுத்த எடுப்பில் கத்தரியால் தொடமாட்டார். போர்வையைக் கழுத்தில் சுற்றிக் கட்டியதும், வலது உள்ளங்கையைத் தலையின் உச்சியில் வைத்து லேசாக அழுத்துவார். புதிதாக வருகிறவர்கள் இது ஏதோ தொழில் நுணுக்கம், மண்டையின் வாகு பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் ஒன்றும் கேட்காமல் குனிந்து கொடுப்பார்கள். அவர் பார்ப்பது வாகை அல்ல, சூட்டை. உள்ளே ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறார்.

முப்பது வருஷத் தொழில். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு குழாய், சுவரில் ஊர்க் கால்பந்து அணியின் படம். அந்தத் தெருவின் தலைகளெல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. எதிர்வீட்டு வாத்தியாருக்கு உச்சியில் இரண்டு சுழி. மருந்துக்கடைக்காரருக்குப் பின்மண்டை பலகை மாதிரி தட்டை. "கண்ணைக் கட்டி விடுங்க, தொட்டே பேரைச் சொல்றேன்" என்று ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார், ஜெயிக்கவும் செய்வார். அந்தப் பெருமைதான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

அணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜெயிப்பதைவிடத் தோற்பதில் கைதேர்ந்த அணி அது. ஆனாலும் வெளியூரில் மேட்ச் என்றால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். பஸ்ஸுக்குப் பொறுப்பு நம் முடிதிருத்துநர். வெளியூர் ரசிகர்கள் என்றாலே போலீசுக்குக் கள்ளச்சாராயம் ஏற்றி வந்தவர்களைப் பார்ப்பது போல ஒரு பார்வை. ஊர் எல்லையிலேயே பஸ்ஸை மடக்கி, இத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். மேட்ச் முடிந்து கிளம்பும்போது அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள் என்று அதே தாளில் இன்னொரு கையெழுத்து. அதற்காக இவர் பஸ்ஸின் முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணிக்கொண்டே போவார். தலை எண்ணுகிறவர் என்பதால் அவருக்குத் 'தலைவர்' என்று பட்டம். அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. கடையிலும் வீட்டிலும் வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவருடைய ஒரே தங்கையின் கணவர் பம்பு மெக்கானிக். பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை', டிரம் அவர் கையில்தான். மூன்று அடி, ஒரு சின்ன இடைவெளி, பிறகு இரண்டு அடி. அந்த இரண்டாவது அடி விழுந்ததும் கேலரி முழுக்க இரண்டு முறை கை தட்டும். கேட்டதும் கை தானாக எழும், யோசிக்கவே தேவையில்லை. நல்ல கலகலப்பான மனுஷன். ஆனால் அணி தோற்ற நாளில் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார். பஸ்ஸில் ஜன்னலோரம் குறுகி உட்கார்ந்தால் வீடு வரும்வரை ஒரு சொல் வராது. பக்கத்து இருக்கை எப்போதும் தலைவருக்கு.

அந்த மௌனத்தைக் கிண்டல் செய்யத்தான் பஸ்காரர்கள் 'தோல்வி மாமா'வைக் கண்டுபிடித்தார்கள். தோற்ற நாளில் டிரம்மை ஓர் இருக்கையில் நிமிர்த்தி வைத்து, அதற்கு யாருடைய ஜெர்கினையாவது மாட்டி, மேலே ஒரு கம்பளிக் குல்லாயை வைத்து, குல்லாய்க்குள் மஃப்ளரைத் திணித்துத் தலை செய்வார்கள். வழிநெடுக அதற்கு வசவு விழும். "மாமா, உன் மூஞ்சியைப் பாத்துதான் நம்ம கோல்கீப்பர் பந்தை விட்டான்." "மாமா, அடுத்த தடவை வீட்டோட இரு." சிரித்துச் சிரித்துத் தோல்வியின் கசப்பு பாதி இறங்கிவிடும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. நாற்பத்தாறு பேர் போனார்கள். எல்லையில் தாள், எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக முடிந்தது. மைதான வாசலில்தான் போலீஸ் கெடுபிடி ஆரம்பித்தது. பெல்ட்டைக் கழற்று, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தூக்கிப் போடு, பேனா எதற்கு, சீப்பு எதற்கு. தலைவரின் சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் இருந்த நாளே கிடையாது. அதையும் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்கள். டிரம் கூடவே கூடாது என்றார்கள். மாப்பிள்ளையின் ஜெர்கின் முழுக்கப் பழைய பேட்ஜுகள். உலோகம், எடுத்து எறியலாம், அதுவும் கூடாது.

"சார், குளிருது சார். பேட்ஜை வேணா கழட்டிடறேன்" என்றார் மாப்பிள்ளை.

"வாதாடாதே. ரெண்டையும் பஸ்ஸுக்கு அனுப்பு, இல்ல நீயும் பஸ்ஸுலயே உக்காரு."

வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. டிரம்மையும் ஜெர்கினையும் வாங்கிக்கொண்டு டிரைவர் நடந்தார். ஜெர்கின் பையில் செல்போன் இருந்தது. அது மாப்பிள்ளைக்கு உள்ளே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. "போகுது விடுங்க மச்சான், ரெண்டு மணி நேரம் உங்க தங்கச்சி தொல்லை இல்லாம இருக்கலாம்" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். உள்ளூர்க் கூட்டம் முழுக்கக் கலைந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் கிளம்பலாம் என்று சட்டம். முக்கால் மணி நேரம் மழையில் நிற்க வைத்தார்கள். கேலரிக்குக் கீழே இறங்கும் படிக்கட்டில் மேலே ஒரு இரும்புக் கதவு, கீழே ஒரு இரும்புக் கதவு. கழிப்பறை நடுவில் இருந்தது. திடீரென்று விசில் ஊதி, "ஓடு, ஓடு, நிக்காதே" என்று லத்தியால் படிக்கட்டுக் கம்பியைத் தட்டி எல்லோரையும் விரட்டினார்கள். ஆடுமாடு மாதிரி ஓடினார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று யாருக்குத் தெரியும்?

பஸ்ஸுக்குள் இருட்டு. கல் விழும், அதனால் எல்லை தாண்டும்வரை விளக்குப் போடக்கூடாது, திரை இறக்கியிருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். தலைவர் நனைந்த குல்லாய்களைத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது வரிசையில் ஜன்னலோரம் கையை நீட்டினார். குல்லாய் தட்டுப்பட்டது. "மாப்பிள்ளை" என்றார். பதில் இல்லை. தோற்ற நாள், பதிலை யார் எதிர்பார்த்தார்கள்? கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு முடித்தபோது நாற்பத்தாறு சரியாக வந்தது.

கீழே இறங்கினார். மழையில் நின்றிருந்த அதிகாரி, குறை சொல்லக்கூடாது, இரண்டு முறை கேட்டார். "எல்லாரும் இருக்காங்களா? நிச்சயமா? கதவைப் பூட்டச் சொல்லிடுவேன்."

"இருக்காங்க சார். பூட்டிக்கங்க."

தாளை பஸ்ஸின் பக்கவாட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் பேனா வழுக்கிக் கோணல்மாணலாக விழுந்தது. ஏறி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருட்டில் போனார்கள். நடுவில் ஒருதரம், "விடுங்க மாப்பிள்ளை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று பக்கத்தில் இருந்த தோளைத் தட்டிக் கொடுத்தார்.

எல்லை தாண்டியதும் போலீஸ் ஜீப் ஒதுங்கிக்கொண்டது. டிரைவர் விளக்கைப் போட்டார். பின்னாலிருந்து ஒருவர் கைகொட்டிச் சிரித்தார். "ஐயோ, தோல்வி மாமா தலைவர் பக்கத்துலயே உக்காந்து வராரு பாருங்கப்பா!" வானொலியில் தோல்வியைக் கேட்ட டிரைவர், காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் தானே மாமாவை ஜோடித்து, மாப்பிள்ளையின் இருக்கையிலேயே வைத்திருக்கிறார். பஸ்ஸே சிரித்தது. தலைவரும் சிரித்தார். அவர் தன்னை மன்னிக்காத விஷயங்களில் அந்தச் சிரிப்பும் ஒன்று.

பிறகுதான், "அப்ப மாப்பிள்ளை எங்க?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு அப்படியே அடங்கியது. தலைவர் செல்போனை எடுத்து எண்ணைப் போட்டார். பக்கத்து இருக்கையில், தோல்வி மாமாவின் ஜெர்கின் பைக்குள் மணி அடித்தது.

பஸ்ஸைத் திருப்பினார்கள். எல்லையில் மறித்தார்கள். தலைவர் மட்டும் இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "நாப்பத்தாறு பேர் திரும்பிட்டதா தாள்ல இருக்கே. நீங்கதான போட்டீங்க? உங்க ஆளு எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பான்" என்றார்கள். மைதானத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அங்கே யாரும் இல்லை, பூட்டியாச்சு என்று பதில் வந்தது. விடியும்வரை பஸ் அங்கேயே நின்றது.

காலையில் பெருக்க வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். கீழ்க்கதவுக்கு உள்பக்கம், கழிப்பறையை ஒட்டிய சுவரில் சாய்ந்தபடி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மெல்லிய சட்டை, அதுவும் ஈரம். நெஞ்சுவலியில் உயிர் போயிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். வலது கை முட்டி தோலுரிந்து இருந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய கொடுமை. பஸ்ஸில் ஏறிப் போனதாகத் தாள் சொல்கிற ஆள் உள்ளே எப்படி வந்தார்? அறிக்கை எழுதினார்கள்: வழியில் இறங்கி, மைதானத்துக்குத் திரும்பி, சுவரேறி 'அத்துமீறி நுழைந்தவர்'. ஏறவே இல்லை என்று பஸ் முழுக்கச் சொன்னது. ரசிகர்கள் ஒருவருக்கொருவர் பரிந்துதான் பேசுவார்கள், கையெழுத்து பொய் சொல்லாது என்று கேஸை மூடினார்கள்.

அந்தத் தாளின் நகல் தங்கையின் கைக்கு வந்தபோது தலைவர் பக்கத்தில்தான் இருந்தார். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். கறையைப் பார்த்தே என்ன கறை என்று சொல்லிவிடுவாள். அந்தக் கோணல் கையெழுத்தை உற்றுப் பார்த்தாள். "இது என் அண்ணன் கையெழுத்தே இல்ல. அவங்களே போட்டுக்கிட்டாங்க. எங்கண்ணன் பாக்காம ஒரு தாள்ல கை வைக்கமாட்டான்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். அவர், நாளைக்குச் சொல்லலாம், கருமாதி முடியட்டும், அவள் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டார். ஒரு வாரம் தள்ளிப்போட்ட பேச்சை ஒரு வருஷத்துக்குப் பிறகு எப்படி ஆரம்பிப்பது? அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

அவள் ஓயவில்லை. 'அத்துமீறி நுழைந்தவர்' என்ற அந்த ஒரு வார்த்தையை அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. படி ஏறாத ஆபீஸ் இல்லை. போன இடமெல்லாம் "எங்கண்ணனைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அவர் தொட்டு எண்ணியது தெரியும். டிரம் எங்கே இருந்தது என்பதும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. தலைவரைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, ஆனாலும் கட்டுப்பாடாக இருந்தார்கள். மாதம் ஒருமுறை கடைக்கு வந்து, அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கருணையைவிட நாலு அறை தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

கடையில் தனியாக இருக்கும்போது அந்தக் குழாய் மூன்று சொட்டு விட்டு, கொஞ்சம் நின்று, இரண்டு சொட்டு விடும். பிளம்பர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டார். "சும்மாதான் ஒழுகுது. நீங்களா எண்ணிக்கிறீங்க" என்றார். உல்லன் குல்லாயோடு யார் உள்ளே வந்தாலும், "கழட்டிட்டு வாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். அதைத் தொட அவருக்குப் பயம். மற்றவர்களுக்குப் பேய் கண்ணில் தெரியும் என்பார்கள். அவருடைய பேய் உள்ளங்கையில் இருந்தது: நனையாத கம்பளி, அதற்குக் கீழே சூடே இல்லாத ஒரு மெத்தென்ற உருண்டை. தொட்டபோதே கை சொல்லியிருக்கிறது. அவர்தான் கேட்கவில்லை.

இந்த வருஷம் மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரிப்பார். முதல் சாட்சி தலைவர். தங்கை அன்று காலை ஆறு மணிக்கே அவரை வரச் சொல்லியிருந்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையை மேஜையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவர் பார்த்ததில்லை.

"தாளைக் காட்டுவாங்க. 'இது என்னுதில்ல'ன்னு ஒரே வார்த்தை. வேற ஒண்ணும் பேச வேணாம். எழுத்து நிபுணரையும் கூப்பிடுவாங்களாம். நல்லா பாக்கட்டும்."

"அம்மாடி" என்றார். "அது என் கையெழுத்துதான்."

இஸ்திரிப்பெட்டி நின்றது.

"எண்ணித்தான் போட்டேன். ஒவ்வொரு தலையா தொட்டு எண்ணினேன். மாப்பிள்ளை சீட்டுல டிரம்முக்கு ஜெர்கினும் குல்லாயும் போட்டு வச்சிருந்தாங்க. இருட்டு. அவர் தலைன்னு நெனச்சுட்டேன். கதவைப் பூட்டுங்கன்னு சொன்னதும் நான்தான்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தோளைத் தட்டியதையும், சிரித்ததையும்கூடச் சொல்லிவிட்டார்.

சட்டை கருகும் வாசனை வந்தது. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. எதையோ கூட்டிக் கழிப்பவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நாப்பத்தாறாவது ஆள் டிரம்மு."

"ஆமாம்மா."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அவர் பஸ்ஸுல ஏறவே இல்லன்னு அந்தத் தாளே சொல்லியிருக்கும். சுவரேறி வந்தவர்னு எழுதியிருக்க முடியாது."

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது வருஷத்தில் இது அவர் புத்திக்கு ஒருநாளும் எட்டவில்லை. தன் குற்றத்தை மறைப்பதாகத்தான் நினைத்திருந்தார். மாப்பிள்ளையின் நல்ல பேரையும் சேர்த்தே மறைத்து வைத்திருந்தார் என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஒரு வார்த்தையை அடிக்க நாயா அலைஞ்சேன்" என்றாள். "அது உன் கையிலயே இருந்திருக்கு." கருகிய இடம் உள்ளே போகும்படி சட்டையை மடித்து நீட்டினாள். "போட்டுக்கோ. இப்ப சொன்னதை அங்க சொல்லு, ஒண்ணு விடாம. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் என் வீட்டுப் பக்கம் வராதே அண்ணா."

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். கூடத்தில் பின்வரிசைகளில் பஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரம் என்று வந்த இடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எப்படி எழுத?" என்று கேட்டார். "சொன்னபடியே எழுதுங்க" என்றார் நீதிபதி. போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். ஆள் கீழே மாட்டிக்கொண்டிருந்தால் கூப்பாடு போட்டிருக்க வேண்டுமே, யாராவது கேட்டார்களா என்றார். அதற்குத்தான் மைதானத்தின் பழைய காவலாளியைக் கூப்பிட்டார்கள்.

வயசான மனிதர். கூப்பாடு எதுவும் கேட்கவில்லை என்றார். பிறகு தயங்கினார். "டிரம்மு சத்தம்தான் கேட்டுதுங்க. ஒரு மணி நேரம் இருக்கும். எங்க ஊர் ஜெயிச்சுதுல்ல, பசங்க எங்கயோ கொண்டாடறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அதுவா நின்னுடுச்சு."

"எப்படிப்பட்ட சத்தம்?" என்றார் நீதிபதி.

காவலாளி கொஞ்சம் யோசித்தார். முன்னால் இருந்த மேஜையில் முட்டியால் தட்டிக் காட்டினார். மூன்று. ஒரு சின்ன இடைவெளி. இரண்டு.

பின்வரிசைகளிலிருந்து இரண்டு கைதட்டல் கேட்டது. யாரும் நினைத்துச் செய்யவில்லை. மருந்துக்கடைக்காரர், வாத்தியார், டிரைவர், எல்லோருடைய கையும் தானாக எழுந்து தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே புரிந்தது. டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.  அந்தச் சத்தம் யாருடையது என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. 'அத்துமீறி நுழைந்தவர்' என்பதை அடித்துவிட்டு, 'உள்ளே வைத்துப் பூட்டப்பட்டவர்' என்று எழுதினார்கள். பூட்டியது யார் குற்றம் என்பதற்கு மட்டும் நாலு பக்கம் வளவளவென்று எழுதியிருந்தார்கள்.

விசாரணை நடந்த அன்று, கூட்டம் கலைந்தபோது, தங்கை படிக்கட்டில் நின்றிருந்தாள். தலைவர் தலைகுனிந்து அவளைக் கடந்து போகப் பார்த்தார்.

"எல்லாரும் தட்டினாங்க" என்றாள். "நீ ஏன் தட்டல?"

"கை எழலம்மா."

"ஒரு மணி நேரம் கதவைத் தட்டியிருக்கார். ஒருத்தராவது பதில் குடுப்பாங்கன்னுதான தட்டியிருப்பார்? உன்னைத்தான கூப்பிட்டிருப்பார்?"

ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தப் படிக்கட்டில் தலைவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒன்று, இரண்டு என்று தட்டினார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வா என்று அவள் இன்னும் கூப்பிடவில்லை.